தோழி நிறுத்திய வெறியாட்டு

சங்க அகப்பாடல்களின் அடியில் பிற்காலத்தவர் எழுதிவைத்த துறைக்குறிப்புகளில் ‘வெறி விலக்கல்’ என்று ஒன்று உண்டு. குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்தும்போது இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற துறை அது. தலைவி உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். தாய் பயப்படுகிறாள். கட்டுவிச்சியை அழைத்து நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்க்கிறாள், வேலனை வரவழைக்கிறாள். முருகு அணங்கியது என்கிறான் வேலன். களம் அமைத்து, தினை தூவி, ஆட்டுக்குட்டியை அறுத்து இரவெல்லாம் ஆடுகிறான். நோய் தீரவில்லை. தீரவும் தீராது, ஏனென்றால் அவன் ஆடுவது வேறொரு நோய்க்கு. அப்போது தோழி எழுந்து ஆட்டத்தை நிறுத்துகிறாள்.

தேர்வில் இது ஐந்து மதிப்பெண் வினா. எனக்கோ, பலன் தராத ஒரு சிகிச்சையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இது என்று தோன்றுகிறது. ‘கவுன்சலிங் போறேன், ஆனா ஒண்ணும் ஆகல, ஆளை மாத்தலாமா?’ என்று இன்று பெண்கள் தணிந்த குரலில் கேட்கும் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கேட்பவள் தன்னையே குறை சொல்லிக்கொள்வதற்கு முன் அந்த வரலாற்றை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அகப்பாடல் மருத்துவக் குறிப்பேடு அல்ல. அது மரபுக்குள் இயங்கும் கவிதை. தலைவியும் வேலனும் பெயரற்ற பாத்திரங்கள். ஆனால் ஒரு சமூகம் எந்தச் சூழலை மீண்டும் மீண்டும் கவிதையாக்கிப் பார்த்தது என்பதும் வரலாற்றுச் சான்றுதான்.

யாருடைய கேள்வி?

குறுந்தொகை 362ஆம் பாடலில் தோழி வேலனிடம் மிகப் பணிவாகத்தான் பேச்சைத் தொடங்குகிறாள். கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்கிறாள். பல நிறச் சோறும் குட்டியின் இரத்தமும் படைக்கிறாயே, இவளை வருத்திய மலைநாட்டானின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமா என்கிறாள். சிகிச்சைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதை ஒரே கேள்வியில் போட்டு உடைத்துவிடுகிறாள். நற்றிணை 34இல் இன்னும் துணிச்சல். அங்கே அவள் பேசுவது முருகனிடமே. இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நின்றாயே, கடவுளாக இருந்தாலும் உனக்கு அறிவில்லை என்று வாழ்த்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறாள்.

பெண்பாற் புலவர்கள் இதே சூழலை வேறு கோணத்தில் காட்டுகிறார்கள். குறுந்தொகை 23இல் ஒளவையாரின் தோழி கட்டுவிச்சியை நிறுத்தவில்லை, பாடச் சொல்கிறாள். அவனுடைய நெடிய குன்றைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் ஒருமுறை பாடு என்கிறாள். குறி சொல்கிற அந்த முதியவளின் பாட்டுக்குள்ளேயே உண்மை தற்செயலாக வந்து விழுந்திருக்கிறது. தோழி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். வெறியைப் பாடியதால் அடைமொழி பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார், அகநானூறு 22இல் தலைவியையே பேசவிடுகிறார். வெறியாடிய அதே இரவில் காதலன் காவலைக் கடந்து வருகிறான், நோய் தணிகிறது, புகழ் வேலனுக்குப் போகிறது. இதை நினைத்துத் தலைவி சிரிக்கிறாள். தன்னைக் குணப்படுத்திவிட்டதாக நம்பும் ஒருவனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்ளும் பெண்! ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்ட மருத்துவரிடம் ‘பரவாயில்லை சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்த எத்தனையோ பெண்களுக்கு இந்தச் சிரிப்பு தெரியும்.

வேலனைக் கெட்டவன் என்று எந்தப் பாடலும் சொல்லவில்லை. அவன் தன் தொழிலை ஒழுங்காகச் செய்கிறான். ஆனால் அவனை அழைத்தது தாய். அவன் விடை சொல்வதும் தாயின் கேள்விக்கு: ‘என் மகள் ஏன் முன்போல் இல்லை?’ மகளின் கேள்வி வேறு. அதை அவன் கேட்கவே இல்லை. இங்கேதான் இந்தக் கட்டுரையின் முதல் அளவுகோல் எனக்குக் கிடைக்கிறது. ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று பார்க்கும் முன், அது யாருடைய கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று பார்க்க வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடிகிற இடத்தில் மருத்துவம் நான்கு கூறாகப் பிரிக்கப்படுகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். வரிசையில் முதலில் நிற்பவர் நோயுற்றவர். நான்காவதாக நிற்பவரின் இடம்தான் தோழியின் இடம். தீர்ப்பவர் ஒருவரே முழு மருத்துவம் என்ற எண்ணம் நம் மரபில் இல்லை.

வியன்னாவில் ஒரு டிசம்பர்

பேச்சால் மனநோயைத் தீர்க்கலாம் என்ற நவீன முறையின் வரலாறும் பெண்களிடம்தான் தொடங்குகிறது. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசப் பிராயரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம்தான் அதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். மருத்துவ நூல்களில் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் அடைபட்ட அவர், பின்னாளில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1904இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார்.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர் இடா பவுவர். பிராய்ட் அவரை ‘டோரா’ என்று எழுதினார். 1900ஆம் ஆண்டு அக்டோபரில் தந்தை அவரைப் பிராய்டிடம் அழைத்துவந்தபோது அவருக்கு வயது 17. குடும்ப நண்பர் ஒருவர் பதின்வயதிலேயே அவரிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருந்தார். அந்த நண்பரின் மனைவிக்கும் தன் தந்தைக்கும் இருந்த உறவை மறைக்கத் தன்னை விலையாகக் கொடுக்கிறார்கள் என்று இடா சொன்னார். தந்தையோ இதெல்லாம் மகளின் கற்பனை என்றார். அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிராய்ட் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார்: இடா சொன்ன நிகழ்வுகளை நம்பினார். ஆனால் அந்த ஆளின் மீது உனக்கு உள்ளூர ஆசை இருந்தது, உன் அருவருப்பே நோயின் அடையாளம் என்று விளக்கினார். இடா மறுக்க மறுக்க, அந்த மறுப்பும் விளக்கத்துக்குச் சான்றாகிக்கொண்டே போனது.

11 வாரங்கள் கழித்து, டிசம்பர் 31 அன்று, இன்றோடு முடித்துக்கொள்கிறேன் என்றார் இடா. எப்போது முடிவெடுத்தாய் என்று பிராய்ட் கேட்க, பதினைந்து நாளுக்கு முன் என்றார். வேலைக்காரப் பெண் முன்னறிவிப்புக் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்றார் பிராய்ட். 1905இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘துண்டு’ என்ற சொல் இருக்கிறது. பாதியில் நின்றுபோன ஆய்வு என்று பொருள். இடாவின் பக்கமிருந்து பார்த்தால் அது முழுமையடைந்த ஒரு முடிவு. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தை அவரே நேரில் சந்தித்தார். நடந்ததை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார். மருத்துவர் நம்பிய உண்மையை மற்றவர்கள் முன் நிறுத்துவதுதான் அவருக்குத் தேவைப்பட்ட சிகிச்சை. அதை அவரே செய்துகொண்டார். பெண்ணியவாதிகள் இந்த வரலாற்றைத் திரும்பத் திரும்ப எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. எலேன் சிக்ஸூ 1976இல் இதை நாடகமாக்கினார்.

வேலைக்காரி என்ற அந்த ஒப்பீட்டைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேற முடிகிற பெண் அதிகாரத்தைச் சீண்டுகிறாள். சிகிச்சையை நிறுத்துகிற பெண்ணை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதும் வழக்கம் இன்றும் கோப்புகளில் தொடர்கிறது.

சென்னை, வேலூர், மேல்மலையனூர்

நம் ஊரில் ‘மாற்றுவது’ என்ற பேச்சே நெடுநாள் எழவில்லை. 1794இல் மருத்துவர் வாலன்டைன் கனோலி சென்னையில் மனநோயாளர் காப்பகம் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உறவினர் மனுக் கொடுத்து மாஜிஸ்திரேட் ஆணையிட்டால் ஒருத்தி உள்ளே போவாள். யார் மருத்துவர் என்று தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கு அங்கே இடம் ஏது? 1961 முதல் 1978 வரை அந்த மருத்துவமனைக்குத் தலைமை வகித்த எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படுபவர். அவர் காலத்தில் புறநோயாளர் பிரிவும் மறுவாழ்வுப் பணிகளும் வலுப்பட்டன. புறநோயாளர் பிரிவு என்றால் நோயாளி தன் காலால் வந்து தன் காலால் திரும்பிப்போகலாம் என்று பொருள். விலகும் உரிமைக்கு முதலில் ஒரு வாசல் வேண்டுமல்லவா?

1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கிய முன்னோடி இடங்களில் அதுவும் ஒன்று. தனித்துப் பூட்டிவைப்பதை விட இது எவ்வளவோ மனிதத்தன்மையானது. ஆனாலும் பெண்ணைப் பொறுத்தவரை குடும்பம் இருமுனைக் கத்தி. காயம் வீட்டிலேயே இருந்தால், உடன் தங்கும் வீட்டார் முன்னால் அவள் எதைச் சொல்வாள்?

மருத்துவமனைக்கு வெளியே வேலனின் களம் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் கூந்தல் அவிழ ஆடும் பெண்களைப் பார்க்காத வடதமிழ்நாட்டுக்காரர் குறைவு. 1990களின் தொடக்கத்தில் செஞ்சிப் பகுதியில் களஆய்வு செய்து 2000இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பேயோட்டும் சடங்கை எளிதாக ‘உளச்சிகிச்சை’ என்று போற்ற மறுத்தார். கணவனிடமிருந்து மனம் விலகிய இளம்பெண்ணின் வாயால் பேயைப் பேசவைத்து, அந்த விலகலைப் பேயின் கணக்கில் எழுதி, அவளைத் திரும்பவும் மனைவியாக்கி அனுப்புவதைத்தான் அவர் அங்கே கண்டார். ஆடும்போது அவளுக்குக் கிடைக்கும் விடுதலையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடி முடித்தபின் அவள் எங்கே திருப்பி அனுப்பப்படுகிறாள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வியை ஏ.சி. அறையில் நடக்கும் கவுன்சலிங்கிடமும் கேட்கலாம்.

பார்கவி தாவர் இதை வாழ்ந்து பார்த்தவர். அவர் தாயைக் குடும்பம் பாபு என்று அழைத்தது. சென்னையில் வாழ்ந்த பாபு, கண்ணன் மீது தீராத பக்தி கொண்டு தமிழில் பாடல்களும் நாட்குறிப்புகளும் எழுதினார். வீட்டை விட்டுக் கோயில்களுக்குப் போனார். மனச்சிதைவு என்று மருத்துவம் பெயர் வைத்தது. மகள் 1999இல் இந்தியப் பெண்களின் மனநலம் குறித்த பெண்ணிய நூலொன்றை வெளியிட்டார். தாயின் பெயரில் புனேயில் அறக்கட்டளை தொடங்கினார். தாய் எழுதியதை நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல் எழுத்தாகவும் படிக்க ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஒருவராக மகளே ஆனார்.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. விலகிப்போக முடியாத சிகிச்சைக்கு அதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்தது. அதே சட்டம் தன் சிகிச்சை பற்றிய தகவலைப் பெறவும், மருத்துவப் பதிவேடுகளைக் கேட்கவும், குறைபாடு இருந்தால் புகார் செய்யவும் உரிமை தந்தது. 14ஆம் பிரிவு இன்னும் சுவையானது. வயது வந்த எவரும் தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் போதும். அந்த ஒருவர் கணவராகவோ தந்தையாகவோ இருந்தாக வேண்டும் என்றில்லை. ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு தோழிக்குச் சட்டத்தில் ஓர் இருக்கை கிடைத்திருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதை உரிமையாகவே சொல்கிறது.

ஆற்றுப்படுத்தும் மலை

கவுன்சலிங் என்பதற்கு நாம் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறோம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிறவர், இனிப் போக வேண்டியவருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. அந்த வகை நூல்களில் 583 அடி கொண்ட மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்புகிறது. செங்கம் ஜவ்வாது மலையின் அடிவாரம். நூலில் வரும் சேயாறு இந்த மலையில் பிறக்கும் செய்யாறு. வழிகாட்டுகிறவர் அந்த நூலில் என்ன செய்கிறார் என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கிறது, பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று சொல்கிறார். ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. வழியை அறிந்தவர், எதிரே நிற்பவர் எங்கிருந்து புறப்படுகிறார் என்பதையும் அறிந்தவர். ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

இன்றைய ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். சாமையும் தேனும் பலாவும் புளியும் இறங்கி வரும் அதே பாதையில் ஆண்கள் கூலிக்கு இறங்கிப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர்கள் அம்மாநிலக் காவல்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கொல்லப்பட்டவர்களுக்கு மனைவியர் இருந்தார்கள். அதன் முன்னும் பின்னும் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களுக்கு மகள்கள் இருந்தார்கள்.

அப்படி ஒரு மகள் எங்கள் கல்லூரியில் படித்தாள். அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அப்பா மரவழக்கில் உள்ளே இருந்தார். இவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் மூச்சு அடைத்தது. மலையில் பூசாரி, குலசாமிக்குக் குறை என்றார். ஒரு சேவலும் ஐந்நூறு ரூபாயும் செலவாயின. பிறகு கீழே ஊரில் ஓர் ஆற்றுப்படுத்துநரிடம் நான்கு முறை போனாள். மூச்சுப்பயிற்சி சொல்லித்தந்தார்கள், தினமும் நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். என்னிடம் வந்து கேட்டாள்:

“மூச்ச இழுத்து விட்டா எங்கப்பா வந்துருவாரா மேடம்?”

சிறிது நேரம் கழித்து, “நான் போகலன்னா அவங்க கோச்சுக்குவாங்களா?” என்றாள்.

பூசாரியை விட்டபோது இந்தக் கவலை அவளுக்கு வரவே இல்லை. எனக்கு அது முக்கியமாகப் பட்டது. நம் ஊர்களில் வைத்தியரை மாற்றுவதற்குக் குற்றவுணர்ச்சி இல்லாத சொற்கள் இருக்கின்றன. ‘அவர் கை நமக்கு ராசியில்ல’, ‘அந்த மருந்து ஒத்துக்கல’ என்போம். வைத்தியரும் குறைந்துபோவதில்லை, நோயாளியும் குறைந்துபோவதில்லை. இருவருக்கும் இடையில் பொருத்தம் அமையவில்லை, அவ்வளவுதான். மனதுக்கு வைத்தியம் என்று வந்ததும் இந்தச் சொற்கள் நம்மை விட்டுப் போய்விடுகின்றன. காரணங்கள் இருக்கின்றன. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டோம். எழுந்து போனால் அது அவரிடமே தங்கிவிடும். புதிய ஒருவரிடம் போனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். படித்தவர், இங்கிலீஷ் பேசுகிறவர், நம்மைவிட உயர்ந்த சாதியாகவும் இருக்கலாம். அவரிடம் ‘பயனில்லை’ என்று எப்படிச் சொல்வது? மலையிலிருந்து வந்தவளுக்கு இன்னொன்றும் உண்டு: மாற்றிக்கொள்ள அடுத்த ஆள் எங்கே?

ஐந்தாவது முறை போனபோது அவளே பேசினாள். அப்பாவின் கேஸைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றாள். அதெல்லாம் கோர்ட் விஷயம், நாம் உன் மனசைப் பற்றிப் பேசுவோம் என்று பதில் வந்தது. அதன்பின் அவள் அங்கே போகவில்லை. இன்னும் தொலைவில் இருந்த ஓர் அரசு மருத்துவமனையில், மனநலப் பிரிவில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தாள். நானும் உடன் போனேன். மலைவீட்டிலிருந்து போவதென்றால் இரண்டு பஸ், ஒருநாள் கூலி. அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “அப்பா எந்த ஜெயில்ல இருக்கார்?” என்பது. அவள் அழுத அழுகை வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. இலவசச் சட்ட உதவிக்கு எங்கே மனுப் போடுவது என்று அந்த மருத்துவரே எழுதிக்கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தார். மூச்சுப்பயிற்சியையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதே பயிற்சி இப்போது பஸ்ஸில் அவளுக்கு உதவியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். பட்டம் வாங்கிவிட்டாள்.

எப்படி முடிவெடுப்பது?

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன வேலை செய்கிறோம் என்பதில் உடன்பாடு. சிகிச்சை முறை எதுவானாலும், இந்த உறவு வலுவாக இருந்தால் பலனும் கூடுகிறது என்று பின்வந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. என் மாணவிக்கும் முதல் ஆற்றுப்படுத்துநருக்கும் பிணைப்பில் பெரிய குறை இல்லை, அவர் அன்பானவர்தான். இலக்கில்தான் உடன்பாடு இல்லை. மூன்றையும் தனித்தனியே பார்க்கத் தெரிந்தால், ‘ஏதோ சரியில்லை’ என்ற மங்கலான உணர்வுக்கு ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் எதிரே இருப்பவரிடம் அதைச் சொல்லலாம்.

வலிக்கிறது என்பதற்காக மட்டும் விலக வேண்டாம். புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும். சில அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு நாள் மனம் கனத்துக் கிடப்பது இயல்பு. அந்தக் கனத்துக்குப் பின் ஏதாவது தெளிகிறதா என்று பாருங்கள். முன்பு சொல்ல முடியாததை இப்போது சொல்ல முடிகிறதா? வீட்டில் ஒரு ‘முடியாது’ வாயில் வருகிறதா? சில வாரங்கள் போயும் ஒன்றும் அசையவில்லையென்றால், வெளியேறும் முன் ஒருமுறை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல மருத்துவர் அதைக் கேட்டுத் திசையை மாற்றுவார், அல்லது தனக்குத் தெரிந்த இன்னொருவரிடம் வழிகாட்டி அனுப்புவார். உங்கள் புகாரையே உங்கள் நோயின் அறிகுறியாக்கினால், இடா பவுவர் உட்கார்ந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பேசிப் பார்க்கத் தேவையே இல்லாத சூழல்களும் உண்டு. நீங்கள் சொன்னது கணவர் காதுக்கோ கல்லூரி நிர்வாகத்தின் காதுக்கோ போகிறது, உடலைத் தொடுகிறார், அடிக்கிற கணவனை அனுசரித்துப்போகச் சொல்கிறார், உங்கள் சாதியையோ காதலையோ நோயாக்குகிறார் என்றால், முன்னறிவிப்புக்கூட வேண்டாம். அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆளை மாற்றும்போது மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல், சீட்டையும் பதிவேட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போக வேண்டும். புதியவரின் படிப்பையும் பதிவையும் கேட்பதில் வெட்கம் எதற்கு? மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலைதான் நம் ஊரில் இருந்துவருகிறது.

தேர்ந்தெடுக்க இருவராவது இருந்தால்தானே மாற்றலாம் என்று மலையில் இருப்பவர்கள் கேட்பது நியாயம். 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது. குறைந்தபட்சச் சேவைகள் கிடைக்காவிட்டால் அதே மாவட்டத்தில் வேறு சேவையைப் பயன்படுத்தலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் பஸ் விடுவதில்லை. 2022 முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாக மனநல உதவி கிடைக்கிறது. தமிழக அரசு அதற்கு வைத்த பெயரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற சொற்கள் இருக்கின்றன. நல்ல பெயர். மலையில் பல இடங்களில் சிக்னல் எடுக்காது என்பதையும் அருகில் யாரும் இல்லாமல் போன் பேச ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும். மருத்துவரை மாற்றும் உரிமை என்பது கடைசியில் சாலையும் சம்பளமும் தனியறையும்தான்.

சங்கப் பாடலுக்கே வருகிறேன். வெறியாட்டை நிறுத்துவதோடு தோழியின் வேலை முடிவதில்லை. அடுத்து அவள் செய்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தோழியிடம் சொன்னாள்; தோழி செவிலியிடம் சொல்கிறாள்; செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். ஒரு பெண்ணின் உண்மை மூன்று பெண்களின் வாய்வழியே வீட்டின் அதிகாரத்தைப் போய்ச் சேர்கிறது. மறைந்து கிடந்ததை ஒருத்தி இன்னொருத்தியிடம் பொறுப்போடு சொல்வதற்கு அன்று அறம் என்ற பெரிய சொல்லையே கொடுத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற உங்களிடம் நாளை ஒரு தோழி வந்து ‘போய்ட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல’ என்று சொல்லக்கூடும். ‘இன்னும் கொஞ்ச நாள் போய்ப் பாரு’ என்று உடனே சொல்லிவிட வேண்டாம். அங்கே உன்னிடம் என்ன கேட்டார்கள், நீ எதைக் கேட்கப் போனாய் என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால், அடுத்த பஸ்ஸில் அவளோடு நீங்களும் ஏறுங்கள்.